திருப்பி அனுப்பப்பட்ட மேல்முறையீடு: முன்னாள் படைவீரர் எந்த வாசலைத் தட்டுவது?

"அங்கிள், அப்பாவை ரிமாண்ட் பண்ணியிருக்கிறதா லெட்டர் வந்திருக்கு" என்று நண்பரின் மகள் தொலைபேசியில் சொன்னபோது அவள் குரல் தழுதழுத்தது. தமிழ்ச் செய்தித்தாள் படித்து வளர்ந்த வீடுகளில் அந்தச் சொல்லுக்குச் சிறைக்காவல் என்ற ஒரே பொருள்தான் உண்டு. ஆனால் அமெரிக்க முன்னாள் படைவீரர் விவகாரத் துறையின் மேல்முறையீட்டு வாரியம் அந்தச் சொல்லை எழுதும்போது, கோப்பில் ஒரு குறை இருக்கிறது, அதைச் சரிசெய்து மறுபடியும் முடிவெடுங்கள் என்று கீழே உள்ள அலுவலகத்துக்குக் கோப்பைத் திருப்பி அனுப்புகிறது என்றே பொருள். கோரிக்கை வெற்றி பெறவும் இல்லை, தோற்கவும் இல்லை. அது இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை உயிரோடு வைத்திருப்பதும் விட்டுவிடுவதும் அடுத்து எடுக்கும் முடிவைப் பொறுத்தது. அமெரிக்கப் படைகளில் பணியாற்றிய தமிழர்களும் அவர்கள் குடும்பத்தாரும் அந்த முடிவை எப்படி எடுக்கலாம் என்பதற்காகவே இங்குள்ள வழிகளை ஒப்பிட்டு எழுதுகிறேன்.

என் நண்பர் இளம் வயதில் அமெரிக்காவுக்குக் குடியேறி, விமானப்படையில் தரைப்பணியாளராகச் சேர்ந்து, ஓடுபாதை ஓரத்தில் ஜெட் எஞ்சின்களுக்குப் பக்கத்தில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவர். காது கேளாமை, காதில் ஓயாத இரைச்சல், இடது முழங்கால் வலி என்ற மூன்றுக்கும் 2020 மே மாதம் இயலாமை இழப்பீடு கோரினார். அதே ஆண்டு நவம்பரில் மூன்றும் மறுக்கப்பட்டன. அந்த மறுப்புக் கடிதத்தில் காது பற்றிய பத்தியை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். பணியிலிருந்து விடுபட்டபோது எடுத்த செவித்திறன் சோதனை இயல்பாக இருந்தது, ஆகவே இன்றைய கேளாமைக்கும் பணிக்கும் தொடர்பு இருக்க வாய்ப்புக் குறைவு என்று பரிசோதித்தவர் எழுதியிருந்தார். காரணமாகச் சொல்லப்பட்டது அந்த ஒரு வரி மட்டுமே. எஞ்சின் சத்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. காதுக்குள் ரீங்காரம் பணிக்காலத்திலேயே தொடங்கியது என்று அவர் கைப்பட எழுதிக் கொடுத்த பக்கத்தைப் பற்றியும் ஒரு சொல்லும் இல்லை.

முன்னாள் படைவீரர்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993-இல் ஹென்ஸ்லி எதிர் பிரவுன் வழக்கில், பணியிலிருந்து விடுபட்டபோது செவித்திறன் இயல்பாக இருந்தது என்பதால் மட்டும் பின்னாளைய கேளாமைக்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று ஆகிவிடாது எனத் தெளிவாகச் சொல்லிவிட்டது. துறை ஒருவரைப் பரிசோதனைக்கு அனுப்பினால் அந்தப் பரிசோதனை போதுமானதாக இருக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2007-இல் பார் எதிர் நிக்கல்சன் வழக்கில் சொன்னது. எனவே நண்பரின் கோப்பில் காதைப் பொறுத்தவரை இருந்த ஓட்டை துறை போட்ட ஓட்டை. முழங்கால் வேறு கதை. பணிக்கால மருத்துவப் பதிவேடுகளில் முழங்காலைப் பற்றி எந்தக் குறிப்பும் இல்லை. ஓடுபாதையில் வழுக்கி விழுந்ததை அவர் அன்று யாரிடமும் சொல்லவில்லை. அங்கே இருந்த ஓட்டை சான்று இல்லாத ஓட்டை.

இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எந்த வழி வேகமானது என்ற கேள்வியைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கோப்பில் எங்கே ஓட்டை இருக்கிறது, அதை அடைக்கும் பொருளை எந்த வாசல் உள்ளே விடும் என்பதை முதலில் கேட்க வேண்டும். வேகம் அதற்கடுத்த கேள்வி.

2017 ஆகஸ்டில் கையெழுத்தாகி 2019 பிப்ரவரி 19 முதல் நடைமுறைக்கு வந்த மேல்முறையீட்டுச் சீர்திருத்தச் சட்டம், மறுப்புக் கடிதம் பெற்றவருக்கு மூன்று வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. முதலாவது துணைக் கோரிக்கை. புதிய, தொடர்புடைய சான்று ஒன்றைக் காட்டி, முதல் முடிவெடுத்த மண்டல அலுவலகத்திடமே மறுபடி கேட்பது. இரண்டாவது உயர்நிலை மறுபரிசீலனை. புதிய சான்று எதுவும் சேர்க்காமல், முன்பு முடிவெடுத்தவர் அல்லாத அனுபவமுள்ள வேறொரு அதிகாரி அதே கோப்பைப் புதிதாகப் பார்ப்பது. மூன்றாவது வாஷிங்டனில் உள்ள மேல்முறையீட்டு வாரியத்தின் நீதிபதியிடம் போவது. முதல் இரண்டுக்கும் சராசரியாக 125 நாட்களில் முடிக்க வேண்டும் என்பது துறையின் இலக்கு. வாரியத்தில் உள்ள மூன்று வரிசைகளில், கோப்பில் இருப்பதை மட்டும் பார்க்கும் நேரடி ஆய்வுக்கு 365 நாட்கள், சான்று சமர்ப்பிக்கும் வரிசைக்கு 550 நாட்கள், நேர்விசாரணை வரிசைக்கு 730 நாட்கள் என்று இலக்குகள் சொல்லப்பட்டிருக்கின்றன. அவை இலக்குகள் மட்டுமே. என் நண்பர் நேரடி ஆய்வு வரிசையில் 2021 ஆகஸ்டில் சேர்ந்து 2024 பிப்ரவரியில்தான் பதில் பெற்றார்.

அவர் ஏன் வாரியத்துக்குப் போனார் என்று கேட்டால், நீதிபதி என்ற சொல்லின் மீது இருந்த நம்பிக்கை என்றுதான் சொல்வார். அந்த நம்பிக்கையைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவருடைய காதுக் கோரிக்கைக்கு உயர்நிலை மறுபரிசீலனை என்ற வாசலே முதலில் தட்ட வேண்டியதாக இருந்தது என்பதே என் முடிவு. அதில் முறைசாராத் தொலைபேசி உரையாடல் ஒன்றைக் கேட்டுப் பெறலாம். அந்த உரையாடலில் புதிய சான்று எதையும் சொல்லக் கூடாது. ஏற்கெனவே கோப்பில் உள்ளதில் எங்கே தவறு நடந்தது என்பதை மட்டும் சுட்டிக்காட்டலாம். "பரிசோதனை அறிக்கை, இரண்டாம் பக்கம், காரணம் சொல்லும் பகுதி, பணி முடிந்தபோது எடுத்த சோதனை இயல்பு என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை, என் எழுத்து வாக்குமூலம் கருத்தில் கொள்ளப்படவில்லை" என்று அரை நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். அதிகாரி அதை ஏற்றுக்கொண்டால், சான்று திரட்ட உதவும் தன் கடமையில் துறை தவறியது என்று பதிந்து, புதிய பரிசோதனைக்காகக் கோப்பைத் திருப்பி அனுப்புவார். இதுவும் ஒருவகைத் திருப்பி அனுப்புதல்தான். ஆனால் வாரியத்துக்குப் போய் இரண்டரை ஆண்டு காத்திருந்து பெறுவதைச் சில மாதங்களில் பெற்றுத் தந்துவிடும்.

அப்படியானால் எல்லோரும் உயர்நிலை மறுபரிசீலனைக்கே போகலாமே என்று தோன்றும். அங்கேதான் இரண்டு வகைத் திருப்பி அனுப்புதலுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு வருகிறது. மறுபரிசீலனை அதிகாரி திருப்பி அனுப்பும்போது, பொதுவாகச் சுருக்கமாக, புதிய மருத்துவக் கருத்து பெறுக என்ற அளவில்தான் குறிப்பு இருக்கும். புதிய பரிசோதகரும் பழையவர் எழுதியதையே வேறு சொற்களில் எழுதிவிடக்கூடும். வாரியத்தின் நீதிபதி திருப்பி அனுப்பும்போது உத்தரவின் கடைசியில் எண்ணிட்ட பத்திகளில், இன்ன பதிவேட்டைத் தேடுக, இன்ன தகுதியுள்ள பரிசோதகரிடம் அனுப்புக, அவர் இன்ன இன்ன கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், இன்னதைக் காரணமாகக் காட்டி மட்டும் மறுக்கக் கூடாது என்று வரிவரியாக எழுதுவார். என் நண்பருக்கு வந்த உத்தரவில் மூன்றாம் பத்தி, பணி முடிந்தபோது எடுத்த சோதனையின் முடிவு மட்டும் போதிய காரணம் ஆகாது என்றும், எஞ்சின் சத்தத்தின் அளவையும் அவர் தாமே சொல்லும் தொடக்கக் காலத்தையும் பரிசோதகர் எடுத்துப் பேச வேண்டும் என்றும் சொன்னது. 1998-இல் ஸ்டிகால் எதிர் வெஸ்ட் வழக்கில், வாரியம் இப்படி இட்ட கட்டளைகள் நிறைவேற்றப்படுவது படைவீரரின் உரிமை என்று நீதிமன்றம் தீர்த்திருக்கிறது. ஆக, முன்னது விரைவானது, கட்டளை தளர்வானது. பின்னது நெடுநாள் எடுப்பது, கட்டளை இறுக்கமானது. குறை எளிதாகச் சுட்டிக்காட்டக் கூடியதாக இருந்தால் முன்னதையும், ஒரே மாதிரியான குறைபட்ட அறிக்கை இரண்டு முறை வந்துவிட்டால் பின்னதையும் நான் பரிந்துரைப்பேன்.

உயர்நிலை மறுபரிசீலனைக்கு இன்னொரு வரம்பும் உண்டு. அதில் தோற்றவர் அதே விஷயத்துக்கு அடுத்தபடியாக மறுபடியும் அதே வாசலில் நுழைய முடியாது. வாரியத்தின் தீர்ப்புக்குப் பிறகும் அந்த வாசல் நேரடியாகத் திறக்காது, இடையில் துணைக் கோரிக்கையில் புதிய முடிவு வந்தால்தான் திறக்கும். துணைக் கோரிக்கைக்கு அப்படிப்பட்ட தடை இல்லை. புதிய சான்று இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் அதைத் தாக்கல் செய்யலாம், எந்த முடிவுக்குப் பிறகும் தாக்கல் செய்யலாம்.

முழங்காலுக்கு வருவோம். அங்கே இருந்த ஓட்டையை உயர்நிலை மறுபரிசீலனை அடைக்காது, ஏனென்றால் அது புதிய காகிதத்தைப் பார்க்காது. வாரியத்தின் நேரடி ஆய்வும் அடைக்காது, ஏனென்றால் அந்த வரிசையில் மறுப்பு வந்த நாளன்று கோப்பில் இருந்ததை மட்டுமே நீதிபதி பார்ப்பார். நண்பரோடு அதே ஓடுபாதையில் வேலை செய்த ஒருவர், அவர் விழுந்ததையும் நொண்டியபடி நடந்ததையும் தாம் பார்த்ததாக எழுதிக் கொடுத்த கடிதம் 2022-இல் வந்து சேர்ந்தது. அதை அவர் வாரியத்துக்கு அனுப்பியும் வைத்தார். விதிப்படி அது கருத்தில் கொள்ளப்படவில்லை. சான்று சமர்ப்பிக்கும் வரிசையைத் தேர்ந்திருந்தாலும், படிவம் வாரியத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் வந்திருந்தால்தான் பயன்பட்டிருக்கும். நேர்விசாரணை வரிசையில் விசாரணையின்போதும் அதன் பின் 90 நாட்களும் சான்று தரலாம். வாயால் சொல்ல வேண்டிய கதை ஒன்று இருந்து, சொல்பவரின் முகத்தை நீதிபதி பார்ப்பது முக்கியம் என்று தோன்றினால் மட்டுமே அந்த நீண்ட காத்திருப்புக்குப் பொருள் உண்டு. முழங்காலுக்கு முதலிலேயே துணைக் கோரிக்கைதான் சரியான வாசல். அங்கே துறையின் உதவும் கடமை மீண்டும் உயிர்பெறும். சான்றை நாமே கொண்டுபோகலாம், அரசு மருத்துவமனைப் பதிவேடுகளைச் சுட்டிக்காட்டி அவர்களையே எடுக்கச் சொல்லலாம், தேவைப்பட்டால் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள்.

ஒரே மறுப்புக் கடிதத்தில் உள்ள மூன்று விஷயங்களுக்கும் ஒரே வாசலைத் தேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. காதுக்கு ஒரு வழி, முழங்காலுக்கு ஒரு வழி என்று பிரித்துக்கொள்ளலாம். என் நண்பர் மூன்றையும் ஒரே படிவத்தில் ஒரே வரிசையில் போட்டதுதான் அவருக்கு நேர்ந்த நீண்ட தாமதத்தின் வேர்.

இனி, திருப்பி அனுப்பும் உத்தரவு கையில் வந்த பிறகு என்ன செய்வது என்ற கேள்வி. நண்பரின் மகள் எனக்குத் தொலைபேசியில் பேசியபோது உத்தரவு வந்து ஏறத்தாழ நாற்பது நாட்கள் ஆகியிருந்தன. முதல் பக்கத்தை வாசித்துக் காட்டச் சொன்னேன். காது கேளாமையும் இரைச்சலும் திருப்பி அனுப்பப்படுகின்றன என்று வாசித்துவிட்டு நிறுத்தினாள். அதற்கு மேலே வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இடது முழங்காலுக்கான கோரிக்கை மறுக்கப்படுகிறது என்ற வரி அங்கே இருந்தது. வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. பெரிதாகக் கண்ணில் பட்டது மற்ற சொல்தான்.

இது மிகவும் ஆபத்தான இடம் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். வாரியத்தின் ஒரே உத்தரவில் ஒன்று வழங்கப்படலாம், ஒன்று மறுக்கப்படலாம், ஒன்று திருப்பி அனுப்பப்படலாம். திருப்பி அனுப்பப்பட்டது இறுதி முடிவு இல்லை என்பதால் அதை எதிர்த்து நீதிமன்றம் போக முடியாது, போகவும் வேண்டாம். ஆனால் மறுக்கப்பட்ட பகுதி இறுதி முடிவு. அதை எதிர்த்து முன்னாள் படைவீரர்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக 120 நாட்களே கெடு. அல்லது ஓராண்டுக்குள் புதிய சான்றோடு துணைக் கோரிக்கை தாக்கல் செய்யலாம். கோப்பு முழுவதும் திரும்பிப் போயிருக்கிறது, பதில் வரும்வரை காத்திருப்போம் என்று நினைத்து இரண்டு கெடுக்களையும் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2011-இல் ஹெண்டர்சன் எதிர் ஷின்செக்கி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த 120 நாள் கெடு நீதிமன்றத்தின் அதிகார வரம்பைத் தொடுவதன்று எனத் தீர்த்ததால், கடும் நோய் போன்ற அசாதாரணக் காரணங்களுக்குச் சிறிது இடம் பிறந்தது உண்மை. உத்தரவைச் சரியாகப் படிக்கவில்லை என்பது அத்தகைய காரணமாகாது.

திருப்பி அனுப்பப்பட்ட பகுதியைப் பொறுத்தவரை இரண்டு வழிகள் கண்முன் இருக்கும். ஒன்று, மண்டல அலுவலகம் தன் வேலையைச் செய்யட்டும் என்று சும்மா இருப்பது. மற்றொன்று, அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்வது. நான் இரண்டாவதற்கே வாதாடுவேன். திருப்பி அனுப்பப்பட்ட கோரிக்கைகளை விரைந்து கவனிக்க வேண்டும் என்று சட்டம் துறைக்குச் சொல்கிறது. அதே வேளையில் மூடிக்கிடந்த கோப்பு மறுபடி திறந்திருப்பதால், முன்பு வாசலில் நின்றுபோன சான்று இப்போது உள்ளே போகலாம். ஆகவே எஞ்சின் சத்தத்தைப் பற்றி உடன் பணியாற்றியவர் தந்த இரண்டாவது கடிதத்தையும், மனைவி எழுதிய ஒரு பக்கத்தையும் அனுப்பினோம். தொலைக்காட்சிச் சத்தத்தை எந்த ஆண்டிலிருந்து கூட்டி வைக்கத் தொடங்கினார், மெல்லப் பேசினால் எந்தப் பக்கம் தலையைத் திருப்புவார் என்பதை அவர் மனைவி நேர்த்தியாக எழுதியிருந்தார். சட்டம் அத்தகைய எளிய வாக்குமூலங்களையும் சான்றாகவே மதிக்கிறது.

பரிசோதனைக்கான அழைப்பு வந்தால் எப்பாடு பட்டாவது போக வேண்டும். வெளியூர்ப் பயணம், தெரியாத எண்ணிலிருந்து வந்த அழைப்பு என்று எந்தக் காரணத்தாலும் தவறவிட்டால், கோப்பில் உள்ளதை வைத்தே முடிவெடுப்பார்கள். சில வகைக் கோரிக்கைகளில் அதைக் காரணமாக்கியே மறுத்துவிடவும் விதி இடம் தருகிறது. இந்தப் பரிசோதனைகளில் பலவற்றை ஒப்பந்த நிறுவனங்களே நடத்துவதால் அழைப்பு துறையின் பெயரில் வராமலும் போகலாம். நீதிபதியின் உத்தரவில் உள்ள எண்ணிட்ட பத்திகளின் நகலைக் கையில் எடுத்துப் போவதில் தவறில்லை. பரிசோதகரோடு வாதாட வேண்டியதில்லை, அந்தக் கேள்விகள் தமக்குத் தரப்பட்டனவா என்று பணிவாகக் கேட்டால் போதும்.

காதுப் பரிசோதனையைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். எந்த அளவு கேளாமை சட்டத்தின் கண்ணில் கேளாமை என்பதற்கு விதியில் தெளிவான எண்கள் உண்டு. 500, 1000, 2000, 3000, 4000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் ஏதேனும் ஒன்றில் கேட்கும் வரம்பு 40 டெசிபெல் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அல்லது குறைந்தது மூன்றில் 26 டெசிபெல் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அல்லது மேரிலாந்து சொல்லறி சோதனையில் மதிப்பெண் 94 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். தனியார் செவித்திறன் நிபுணரிடம் சோதனை எடுப்பவர்கள் அந்தக் குறிப்பிட்ட சொல்லறி சோதனையையே கேட்டுப் பெற வேண்டும். வேறு சொற்பட்டியலில் எடுத்த அறிக்கை இந்தக் கணக்குக்கு உதவாது.

திருப்பி அனுப்பப்பட்ட பிறகும் மண்டல அலுவலகம் மறுத்தால் என்ன நடக்கும் என்பதில் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. 2019 பிப்ரவரிக்கு முந்தைய முடிவுகளிலிருந்து எழுந்த பழைய முறையீடுகளில், மறுப்பு வந்தாலும் கோப்பு தானாகவே வாரியத்துக்குத் திரும்பும், வரிசையில் பழைய இடமும் இருக்கும். அத்தகைய கோப்புகள் இப்போது குறைந்துவிட்டன. புதிய முறையில் கோப்பு தானாகத் திரும்புவதில்லை. புதிய மறுப்புக் கடிதம் வரும். அதிலிருந்து ஓராண்டுக்குள் மூன்று வாசல்களில் ஒன்றை மறுபடியும் நாமே தேர வேண்டும். பழைய முறையில் முறையிட்ட சக படைவீரர்களிடம் கேட்டுவிட்டு, "அது தானா மேலே போயிடும்" என்று காத்திருந்து ஓராண்டைத் தொலைத்தவரை நான் அறிவேன். நீதிபதியின் கட்டளை சரியாக நிறைவேற்றப்படவில்லை என்றால், மறுபடியும் வாரியத்துக்கு முறையிட்டு அதைச் சொன்னால்தான் அந்த உரிமைக்கு உயிர் வரும். மருத்துவக் கருத்து மட்டும் பாதகமாக வந்து, நம் பக்கம் நல்ல மருத்துவர் ஒருவர் காரணங்களோடு எழுதித் தரத் தயாராக இருந்தால், துணைக் கோரிக்கையே மேல்.

வாரியம் மறுத்த முழங்காலுக்கு நீதிமன்றமா, துணைக் கோரிக்கையா என்பதை நாங்கள் ஒரு மாலை முழுவதும் பேசினோம். நீதிமன்றத்துக்கு ஆதரவான காரணங்கள் வலுவானவை. கட்டணம் 50 டாலர்தான், வசதியில்லாதவர்களுக்கு அதுவும் தள்ளுபடி உண்டு. வாரியத்தின் பிழையால் வழக்கு திருப்பி அனுப்பப்பட்டால் வழக்கறிஞரின் ஊதியத்தை அரசிடமிருந்தே கேட்டுப் பெறும் சட்டம் இருப்பதால், படைவீரரின் பணத்தில் கைவைக்காமல் வாதாட முன்வருபவர்கள் இருக்கிறார்கள். இலவசமாக வழக்கறிஞரை ஏற்பாடு செய்து தரும் படைவீரர் கூட்டு நற்பணித் திட்டமும் உண்டு. பல வழக்குகள் தீர்ப்பு வரையே போவதில்லை. துறையின் வழக்கறிஞர்களும் படைவீரரின் வழக்கறிஞரும் பேசி, வாரியம் காரணங்களைப் போதுமான அளவு விளக்கவில்லை என்று ஒத்துக்கொண்டு, திருப்பி அனுப்பக் கூட்டு மனு போட்டு முடித்துவிடுவார்கள். அந்தக் கூட்டு மனுவில் எழுதப்பட்டதை வாரியம் மீற முடியாது.

ஆனால் நீதிமன்றம் புதிய சான்றைப் பார்க்காது. உண்மைகளை எடைபோடுவதில் வாரியம் தெளிவாகத் தவறியிருந்தால் ஒழியத் தலையிடாது. சான்றுகள் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் ஐயத்தின் பலன் படைவீரருக்கே என்ற விதியை வாரியம் கையாண்ட விதத்தையும் அதே அளவுகோலால்தான் நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று நாங்கள் பேசியதற்குப் பின்னர், 2025 மார்ச்சில், பஃப்கின் எதிர் காலின்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு எனக்கு வருத்தம் தருகிறது. இருந்தாலும் அதிலிருந்து பெறும் பாடம் தெளிவானது. உண்மைகளை மண்டல அலுவலகத்திலும் வாரியத்திலும் வைத்தே வெல்ல வேண்டும். முழங்கால் விஷயத்தில் வாரியம் சட்டப்படி தவறு செய்யவில்லை. அதன் முன் சான்று இல்லை. எனவே நீதிமன்றம் போகாமல், எலும்பு மருத்துவர் ஒருவரிடம் பணிக்காலப் பதிவேடுகளையும் உடன் பணியாற்றியவரின் 2022 கடிதத்தையும் காட்டிக் காரணங்களோடு கருத்து எழுதி வாங்கித் துணைக் கோரிக்கை போடுவது என்று முடிவானது. மருத்துவர் எழுதும் கருத்தின் மதிப்பு அவர் சொல்லும் காரணங்களில் இருக்கிறது என்று 2008-இல் நியேவெஸ்-ரோட்ரிகஸ் எதிர் பீக் வழக்கில் நீதிமன்றம் சொன்னதால், "தொடர்பு உண்டு" என்ற ஒற்றை வரிச் சான்றிதழ் போதாது என்று மருத்துவரிடம் முன்பே சொல்லிவிட்டோம்.

யாருடைய துணையோடு போவது என்பதும் ஒரு தேர்வுதான். ஊனமுற்ற அமெரிக்கப் படைவீரர் சங்கம், அமெரிக்கன் லீஜன், அயல்நாட்டுப் போர்வீரர் சங்கம் போன்றவற்றின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் பணம் வாங்குவதில்லை. துணைக் கோரிக்கைக்கும் உயர்நிலை மறுபரிசீலனைக்கும் அவர்கள் பெரும்பாலும் போதும். வழக்கறிஞர் என்றால் துறையின் முதல் முடிவு வந்த பிறகே கட்டணம் வாங்கலாம். நிலுவைத் தொகையில் 20 விழுக்காடு வரை நியாயமானது என்றும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நியாயமற்றது என்றும் விதி கருதுகிறது. கோரிக்கை எழுதித் தருகிறேன் என்று சொல்லி முன்பணம் கேட்கும், அங்கீகாரம் இல்லாத ஆட்களிடம் ஒருபோதும் போகக் கூடாது.

இந்த எல்லாத் தேர்வுகளின் அடியிலும் ஓடும் ஒரு நூல், பயன் தொடங்கும் தேதி. ஒவ்வொரு முடிவுக்கும் ஓராண்டுக்குள் அடுத்த வாசலைத் தட்டிக்கொண்டே வந்தால், கடைசியில் எப்போது வென்றாலும் முதல் கோரிக்கை வைத்த நாள் காப்பாற்றப்படும். ஒரு முறை ஓராண்டைத் தவறவிட்டால் அந்த நூல் அறுந்து, புதிய கோரிக்கையின் நாள்தான் கணக்கு. என் நண்பருக்கு 2024 ஜூனில் புதிய பரிசோதனை நடந்தது. பரிசோதகர் இம்முறை எஞ்சின் சத்தத்தைப் பற்றியும் ரீங்காரம் தொடங்கிய காலத்தைப் பற்றியும் முக்கால் பக்கம் எழுதினார். அக்டோபரில் முடிவு வந்தது. காது இரைச்சலுக்கு அதற்கு விதிப்படி கிடைக்கக்கூடிய உச்ச இயலாமை அளவான 10 விழுக்காடு. கேளாமை பணியால் வந்தது என்று ஏற்கப்பட்டது, ஆனால் அளவு 0 விழுக்காடு. 10 விழுக்காட்டுக்கான மாதத் தொகை 2020-இல் 142.29 டாலர், 2024-இல் 171.23 டாலர். கோரிக்கை வைத்த மாதத்துக்கு அடுத்த மாதமான 2020 ஜூன் முதல் தேதியிலிருந்து கணக்கிட்டு 8,000 டாலருக்கு மேல் நிலுவை வந்தது. நூல் அறுந்திருந்தால் சில நூறு டாலர்தான் வந்திருக்கும். பூச்சிய விழுக்காட்டைப் பார்த்து அவர் முகம் வாடியது. பணியால் வந்தது என்ற ஏற்பே பெரிது என்றும், கேட்கும் திறன் மோசமானால் அளவை மட்டும் உயர்த்தக் கேட்டால் போதும் என்றும், காது கேட்கும் கருவியைத் துறையின் மருத்துவமனையிலேயே பெறலாம் என்றும் மகள்தான் பொறுமையாக எடுத்துச் சொன்னாள்.

வயதானவர்களின் வீடுகளுக்கு இன்னும் இரண்டு செய்திகள். 75 வயது நிறைந்தவர்களும் கடும் நோயாளிகளும் கடும் பண நெருக்கடியில் இருப்பவர்களும் வாரியத்தின் வரிசையில் தம்மை முன்னே நகர்த்தக் கேட்கலாம். இது தானாக நடக்கும் என்று நம்பியிராமல் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. கோரிக்கை நிலுவையில் இருக்கும்போதே படைவீரர் இறந்துவிட்டால், தகுதியுள்ள கணவனோ மனைவியோ ஓராண்டுக்குள் விண்ணப்பித்து அவர் இடத்தில் நின்று அதே வழக்கைத் தொடரலாம். திருப்பி அனுப்பப்பட்ட கோப்பு என்பது நிலுவையில் உள்ள கோப்பே என்பதை நினைவில் கொள்ள வேண்டும். துக்க வீட்டில் யாருக்கும் படிவம் நினைவுக்கு வராது என்பதால் இதைப் பிள்ளைகள் முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

முழங்காலுக்கான துணைக் கோரிக்கை, 20-0995 என்ற எண்ணுள்ள படிவத்தில், எலும்பு மருத்துவரின் நான்கு பக்கக் கருத்தோடு, ஓராண்டுக் கெடு முடிய மூன்று வாரம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தது. அதற்கு வந்த பதில் மறுபடியும் மறுப்புதான். ஆனால் இம்முறை மறுப்புக்குச் சொல்லப்பட்ட காரணம் வேறு. உடன் பணியாற்றியவரின் கடிதத்தை ஏற்று, அவர் விழுந்தது உண்மை என்று எழுதியிருக்கிறார்கள். மருத்துவரின் கருத்தை மட்டும் ஒதுக்கியிருக்கிறார்கள், எதனால் ஒதுக்குகிறோம் என்று சொல்லாமல். இப்போது ஓட்டை துறையின் பக்கம் இருக்கிறது. காகிதம் புதிதாக எதுவும் வேண்டியதில்லை. அந்தப் பெண் உயர்நிலை மறுபரிசீலனைப் படிவத்தை எடுத்து, தொலைபேசி உரையாடல் வேண்டும் என்ற கட்டத்தில் குறியிட்டு, கடிதத்தின் தேதியைச் சமையலறை நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறாள்.